ஏழையின் உடம்பில் மட்டும் ஏன் கற்க வேண்டும்?

கிள்ளானில் ஒருவருக்குப் பித்தப்பையில் கல் இருப்பதாக ஸ்கேன் காட்டிவிட்டால், அடுத்து அவர் எங்கே போவார் என்பதை அவரிடம் இருக்கும் காப்புறுதி அட்டைதான் முடிவு செய்கிறது. கம்பெனி கொடுத்த அட்டை இருந்தால் பண்டார் பாரு கிள்ளானிலோ பண்டமாரானிலோ உள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் பதிந்துகொள்கிறார். காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் வந்ததும் சில நாட்களில் அறுவை முடிந்து வீடு திரும்புகிறார். அட்டை இல்லாதவர் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் போகிறார். நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி கட்டுகிறார். நாள் குறித்துக்கொண்டு காத்திருக்கிறார். விபத்தில் அடிபட்டோ குடலில் ஓட்டை விழுந்தோ வருகிறவர்களுக்கு அறுவைக் கூடம் தேவைப்பட்டால் அவருடைய நாள் தள்ளிப்போகிறது. இருவருக்கும் நடக்கப்போவது ஒரே அறுவை. ஆனால் மேசையைச் சுற்றி நிற்பவர்களில் ஒரு வேறுபாடு உண்டு. அரசாங்க மருத்துவமனையில் அவர்களில் ஒருவராவது இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் இளம் மருத்துவர். தனியாரில் அப்படி ஒருவரைக் காண்பது அபூர்வம். அங்கே மூத்த நிபுணர் இருப்பார், மயக்க மருந்து நிபுணர் இருப்பார், கருவிகளை எடுத்துத் தரும் தாதி இருப்பார். கேமராவைப் பிடிப்பதும் பல நேரம் ஒரு தாதிதான். அந்த அறுவை எந்த இளம் மருத்துவருக்கும் எதையும் கற்றுத் தராமலே முடிந்துவிடுகிறது.

இது மாற வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரிய தனியார் மருத்துவமனைகள் இளம் அறுவை மருத்துவர்களை உருவாக்குவதில் பங்கெடுக்க வேண்டும். அதுவும் மனம் இருந்தால் செய்யும் தருமமாக இல்லாமல், உரிமத்தோடு வரும் கடமையாக. இன்றைய முறையின் வேர் வெகு பழையது. 1889-இல் பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர், இளையவர்களுக்குப் பொறுப்பைப் படிப்படியாக உயர்த்திக் கொடுக்கும் பயிற்சி முறையை வகுத்தார். உலகம் முழுவதும் இன்று அறுவை மருத்துவம் கற்பிக்கப்படுவது அந்த வழியில்தான். ஆனால் அமெரிக்காவில் நெடுங்காலம் அந்தப் பயிற்சி நடந்த இடம் காசு கொடுக்க முடியாதவர்கள் படுத்திருந்த பொது வார்டு. காசு கொடுத்தவர் மூத்தவரின் கைக்கு உரியவர். கொடுக்க முடியாதவர் இளையவரின் படிப்புக்கு உரியவர். நூறு ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் மலேசியாவில் அந்தக் கோடு அழியவில்லை. அரசாங்க வார்டில் படுத்தவர்களின் உடம்பில் பல ஆண்டுகள் கை தேறிய நிபுணர், பிறகு தனியார் மருத்துவமனையில் அறை எடுக்கிறார். அவருடைய திறமைக்கு அங்கே விலை உண்டு. அந்தத் திறமையை உருவாக்கியதில் நோயாளியாக இருந்து பங்களித்தவர்கள் அந்தக் கதவுக்குள் நுழையவே முடியாது.

பயிற்சிப் பாதை எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்பது நம் வீடுகளுக்குத் தெரியாததல்ல. 2008 முதல் ஹவுஸ்மன் பயிற்சி இரண்டு ஆண்டுகள். 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்கள் நிரந்தரப் பணியில் இல்லாமல் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டார்கள். 2021 ஜூலை 26-ஆம் தேதி, கோவிட் நோயாளிகளால் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த அந்த வாரத்தில், ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்ற ஹர்த்தால் அந்தக் குமுறலின் உச்சம். அவர்கள் கேட்டவற்றுள் ஒன்று நிபுணத்துவப் பயிற்சிக்கான வழி. பல்கலைக்கழகங்களின் நான்கு ஆண்டு மாஸ்டர்ஸ் படிப்புக்கு இடம் குறைவு. மாற்றாக, சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் வேலை செய்தபடியே வெளிநாட்டு அரசக் கல்லூரிகளின் தேர்வை எழுதும் இணைவழிப் பயிற்சி வந்தது. எடின்பரோ அரசக் கல்லூரியின் இதய அறுவைத் தேர்வில் தேறியவர்களை நிபுணர் பதிவேட்டில் சேர்க்க மலேசிய மருத்துவ மன்றம் மறுத்ததால் அது நீதிமன்றம் வரை போய், கடைசியில் 2024 ஜூலையில் நாடாளுமன்றம் 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. அந்தத் திருத்தம் வரவேற்க வேண்டியது. ஆனால் அது தீர்த்தது சான்றிதழ்ச் சிக்கலை. தேர்வுத்தாளை யார் திருத்தினாலும், அறுவை மருத்துவர் உருவாவது அறுவைக் கூடத்தில்தான். அங்கே அவருக்குக் கிடைக்கும் அறுவைகளின் எண்ணிக்கையும் வகையும்தான் அவரை உருவாக்குகின்றன. சட்டத்திருத்தம் ஒரு புதிய அறுவையைக்கூட அவர் கைக்குக் கொண்டுவரவில்லை.

எண்ணிக்கையைவிட வகை முக்கியம் என்பதைச் சற்று விளக்க வேண்டும். பித்தப்பை அறுவையையே எடுத்துக்கொள்வோம். தொப்புளருகே சிறு துளையிட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைத்து, கேமராவை உள்ளே விடுவது தொடக்கம். பிறகு கருவிகளுக்காக இன்னும் இரண்டு மூன்று துளைகள். பித்தப்பையின் உச்சியைப் பிடித்துக் கல்லீரலுக்கு மேலாகத் தூக்கி நிறுத்த வேண்டும். அடுத்து வருவதுதான் உயிர்நிலை: பித்தப்பையின் கழுத்தருகே கொழுப்பையும் சவ்வையும் மெல்ல விலக்கி, பித்தப்பைக்குள் போவது ஒரு குழாயும் ஒரு தமனியும்தான், வேறெதுவும் இல்லை என்று கண்ணால் உறுதி செய்த பிறகே கிளிப் போட்டு வெட்ட வேண்டும். இங்கே ஆள் மாறாட்டம்போல் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிட்டால், அதைச் சரிசெய்ய நோயாளி இன்னொரு பெரிய அறுவைக்குப் போக வேண்டும், ஆண்டுக்கணக்கில் அவதிப்படலாம். கடைசியாகப் பித்தப்பையைக் கல்லீரல் படுகையிலிருந்து உரித்து, பையில் போட்டு எடுத்து, துளைகளைத் தைக்க வேண்டும். கற்பிக்கத் தெரிந்த நிபுணர் இந்தக் கட்டங்களை நடக்கும் வரிசையில் மாணவருக்குத் தருவதில்லை. ஆபத்து குறைந்ததிலிருந்து தருவார். முதலில் கேமரா, பிறகு தையல், பிறகு துளையிடுதல், பிறகு கல்லீரல் படுகை. கழுத்துப் பகுதி கடைசியில்தான், அதுவும் வீக்கமில்லாத, ஒட்டிப்போகாத எளிய பித்தப்பையில்தான். அந்த எளிய பித்தப்பைகள் இன்று காப்புறுதி அட்டையோடு தனியாருக்குப் போய்விடுகின்றன. வரிசையில் காத்திருப்பவர்களோ இரண்டு மூன்று முறை வலி வந்து, சீழ் பிடித்து, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போன நிலையில் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். கற்கத் தொடங்குகிறவருக்குக் கிடைப்பது மிகக் கடினமான பாடம். அது கிடைக்கும் நேரமும் பெரும்பாலும் நள்ளிரவு. குடலிறக்கம், தைராய்டு, மூட்டு நுண்துளை அறுவை, சைனஸ் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

இந்தச் சரிவை நமக்கு முன்பே சந்தித்த நாடுகள் உண்டு. இங்கிலாந்தில் அரசு செலவில் நடக்கும் கண்புரை அறுவையில் பாதிக்கு மேல் தனியார் மையங்களுக்குப் போய்விட்டது. எளிய கண்கள் அங்கே போகின்றன, சிக்கலானவை அரசு மருத்துவமனையில் தங்குகின்றன, இளையவர்கள் எதில் கற்பது என்று அந்நாட்டுக் கண் மருத்துவர்களின் அரசக் கல்லூரியே கவலை தெரிவித்தது. பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் நோயாளிகளைத் தனியாருக்கு அனுப்பிவிட்டு, பிறகு ஒப்பந்தங்களில் பயிற்சிக் கடமையைச் சேர்க்க அவர்கள் ஓட வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியா இதை முன்கூட்டிப் பார்த்தது. அங்கே முன்பதிவு செய்து நடக்கும் அறுவைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில். அதனால் 2010 முதல் மத்திய அரசு, பயிற்சி மருத்துவர்கள் தனியாரிலும் கிராமப்புறங்களிலும் பணியாற்றுவதற்கான சம்பளத்துக்கென்றே ஒரு திட்டத்தில் பணம் ஒதுக்கி வருகிறது. நோயாளி எங்கே போகிறாரோ அங்கே மாணவரும் போக வேண்டும் என்ற எளிய கணக்கு அது. மலேசியாவில் இருநூறுக்கும் மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கில் அவை நெருக்கமாக நிற்கின்றன. அந்தக் கணக்கை நாமும் போட்டாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

உடனே எழும் எதிர்ப்பு நியாயமானது. "நான் பணம் கட்டுவது இன்ன மருத்துவர் செய்வார் என்பதற்காக. கற்றுக்குட்டியின் கையில் என்னை ஏன் ஒப்படைக்க வேண்டும்?" இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. நோயாளி மயங்கிய பிறகு அவருக்குத் தெரியாமல் வேறொருவர் கத்தியைப் பிடிப்பது துரோகம். அரசாங்க மருத்துவமனையிலும் துரோகம்தான். அறுவையில் தனக்கு நேரக்கூடிய முக்கியமான ஆபத்துகளை அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு, அதைச் சொல்வது மருத்துவரின் கடமை என்று கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரிலேயே தீர்ப்பளித்துவிட்டது. எனவே தனியாரில் பயிற்சி என்றால் முன்கூட்டியே சொல்லி, பெயர் காட்டி, சம்மதம் வாங்கித்தான் நடக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்கிறவருக்கு எந்தக் குறையும் வைக்கக் கூடாது. ஆனால் அந்த உரிமையைப் பேசும்போது ஒன்றைக் கேட்டாக வேண்டும். ஐந்து வெள்ளி கட்டிய கிள்ளான்வாசிக்கு இந்தத் தேர்வு கிடைக்கிறதா? அவர் மறுத்தால் அந்த வார்டில் வேறு யார் செய்வார்கள்? மறுக்கும் உரிமை பணத்தோடு மட்டும் வருமானால் அது சலுகைதான். பயிற்சியை இரு தரப்பு நோயாளிகளும் பகிர்ந்துகொண்டால், அரசாங்க வார்டில் படுத்தவருக்கும் மறுக்க ஓர் இடைவெளி கிடைக்கும்.

பணம் கட்டுகிறவர்கள் பயிற்சி மருத்துவமனையை நம்ப மாட்டார்கள் என்பது அனுபவத்துக்குப் பொருந்தாத பேச்சு. ஜாலான் துன் ரசாக்கில், 1992 முதல் இயங்கும் தேசிய இருதயக் கழகம், நாம் எல்லோரும் ஐ.ஜே.என். என்று அழைப்பது, நிதியமைச்சுக்குச் சொந்தமான ஒரு நிறுவனம். அரசு அனுப்பும் நோயாளிகளும் சொந்தப் பணம் கட்டுகிறவர்களும் அங்கே போகிறார்கள். நாட்டின் இளம் இதய அறுவை மருத்துவர்கள் பயிற்சி பெறும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே மாணவர்கள் இருக்கிறார்கள் என்று யாரும் தம் இதயத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோவதில்லை. தமிழர்கள் சிகிச்சைக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் போவதையும் பாருங்கள். வேலூர் சி.எம்.சி. அரசு மருத்துவமனை அல்ல. ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே படுக்கை கொண்ட சிகிச்சையகமாகத் தொடங்கி வளர்த்த மிஷன் நிறுவனம். நோயாளிகள் பணம் கட்டித்தான் பார்க்கிறார்கள், வங்காளத்திலிருந்துகூட ரயிலேறி வருகிறார்கள், அங்கே ஒவ்வொரு வார்டிலும் பயிற்சி மருத்துவர்கள் இருக்கிறார்கள். சென்னையின் பெரிய கார்ப்பரேட் மருத்துவமனைகள் பலவற்றில் இந்தியத் தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. மாணவர்கள் ஆண்டுதோறும் சேர்கிறார்கள். அந்தப் பட்டத்தை இந்திய அரசு எம்.எஸ். பட்டத்துக்கு ஈடாக ஏற்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து சென்னைக்குப் பறந்து போய், இளம் மருத்துவர் ஒருவர் துணை நிற்கும் அறுவைக்கு மனதார ஒப்புக்கொள்கிற அதே குடும்பம், பங்சாரில் அதை ஏற்காது என்று நாமாகவே முடிவு கட்டிவிடக் கூடாது.

பாதுகாப்பைப் பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. அதற்கு எண்களோடுதான் பதில் சொல்ல வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தன்னிடம் ஓராண்டில் நடந்த 79,777 கண்புரை அறுவைகளை ஆராய்ந்து 2012-இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அறுவையின்போது ஏற்பட்ட சிக்கல்கள் மூத்த மருத்துவர்களிடம் 0.79 சதவீதம், முதுகலை மாணவர்களிடம் 2.06, வெளியிலிருந்து குறுகிய காலப் பயிற்சிக்கு வந்தவர்களிடம் 5.01. கற்கிறவரின் கையில் ஆபத்து கூடுதல் என்பதை மறைக்காமல் அச்சில் போட்ட அந்த நேர்மைதான் அரவிந்தின் பெருமை. இந்த எண்களிலிருந்து நான் பெறும் பாடங்கள் இரண்டு. நிறுவனத்துக்குள் ஒழுங்காகப் படிநிலையில் வளர்க்கப்பட்டவர்களுக்கும் சில வாரங்களுக்கு வந்துபோனவர்களுக்கும் இடையே உள்ள தூரம், பயிற்சியின் அமைப்பு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்கிறது. அடுத்தது இன்னும் கசப்பானது: ஆபத்து உண்மையில் கூடுதல் என்றால், அதை ஏழைகள் மட்டும் சுமப்பது அதே அளவுக்குக் கூடுதலான அநியாயம். பயிற்சி ஆபத்தானது என்று சொல்லித் தனியார் விலகிக்கொள்ளும்போது, அந்த ஆபத்து மறைந்துவிடவில்லை. சாலையைக் கடந்து தெங்கு அம்புவான் ரஹிமாவுக்குப் போகிறது. பொது அறுவையில் இடைவெளி இவ்வளவு பெரிதும் அல்ல. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் தரப் பதிவேட்டை வைத்து நடந்த ஆய்வுகளில், மாணவர் பங்கெடுத்த அறுவைகள் சற்று நீண்டன, காயத்தின் மேல்தோல் தொற்று போன்ற சிறு தொல்லைகள் கொஞ்சம் கூடின, இறப்பு கூடவில்லை. மாறாக, கைத்திறன் போதாத நிபுணரால் நோயாளி என்ன விலை கொடுக்கிறார் என்பதற்கும் சான்று இருக்கிறது. மிச்சிகனில் உடல் பருமன் அறுவை செய்யும் இருபது மருத்துவர்களின் அறுவைக் காணொளிகளைச் சக மருத்துவர்களே பெயர் தெரியாமல் மதிப்பிட்டார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், கைத்திறன் மிகக் குறைந்த கால்வாசிப் பேரின் நோயாளிகளில் 14.5 சதவீதத்தினருக்குச் சிக்கல். திறன் மிகுந்த கால்வாசிப் பேரிடம் 5.2 சதவீதம். அவர்கள் எல்லோருமே பட்டம் பெற்ற, தொழில் நடத்துகிற நிபுணர்கள். நாளைக்குத் தனியார் மருத்துவமனையின் பெயர்ப்பலகையில் வரப்போகிறவர் இந்த இரண்டு கூட்டத்தில் எதில் இருப்பார் என்பது இன்று அவருக்குக் கிடைக்கும் பயிற்சியைப் பொறுத்தது. காப்புறுதி அட்டை அப்போது அவரிடமிருந்து நம்மைக் காப்பாற்றாது.

தனியார் மருத்துவமனைகளின் நிர்வாகிகள் சொல்லக்கூடிய பதில் வேறு. எங்கள் நிபுணர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர், சுயதொழில் செய்கிறவர்கள், அறையும் கூடமும் நாங்கள் தருகிறோம், அவர்களைக் கற்பிக்கச் சொல்ல எங்களுக்கு என்ன அதிகாரம் என்பார்கள். நெடுங்காலம் இது சட்டத்திலும் ஓரளவு எடுபட்டது. 2024 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அந்தச் சுவரில் பெரிய ஓட்டை போட்டுவிட்டது. மருத்துவர் சுயதொழில் செய்கிறவராகவே இருந்தாலும், நோயாளியைப் பாதுகாக்கும் கடமையைத் தனியார் மருத்துவமனை பிறர் தலையில் கட்டிவிட முடியாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் மற்றும் சேவைகள் சட்டம் மருத்துவமனையின் மீது வைத்திருக்கும் கடமைகளையும் அது எடுத்துக்காட்டியது. தன் கூரைக்குக் கீழே நடக்கும் சிகிச்சைக்கு மருத்துவமனையே பொறுப்பு என்றாகிவிட்ட பிறகு, யார் அறுவை செய்கிறார், எவ்வளவு மேற்பார்வையில் செய்கிறார், விளைவு என்ன என்பதையெல்லாம் அது கணக்கு வைத்தே தீர வேண்டும். பயிற்சி மருத்துவமனைகள் மாதந்தோறும் மரணங்களையும் சிக்கல்களையும் மேசையில் போட்டு விவாதிக்கும் கூட்டங்களை நடத்துவது இதற்காகத்தான். இளையவர்கள் உள்ளே வந்தால் அந்தப் பழக்கமும் கூட வரும். ஏன் இந்த இடத்தில் வெட்டினீர்கள் என்று கேட்க ஓர் ஆள் பக்கத்தில் நிற்கும்போது, மூத்தவரின் கையும் கவனமாகிறது.

அந்த ஆளே தேவையற்ற அறுவைக்கும் ஒரு தடை. தனியாரில் கற்றால் பணத்துக்காக வெட்டும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. அரசாங்க மருத்துவமனையில் அறுவைக்கான காரணத்தை எழுதிப் பழகிய மாணவர், காரணம் போதாத இடத்தில் கேள்வி கேட்பார் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே கவலை தரும் எதிர்ப்பு, இளையவர்களின் பக்கமிருந்து வருவது. மலிவான கூலியாக எங்களைப் பயன்படுத்திக்கொள்வார்களே என்கிறார்கள். இந்தியாவின் டி.என்.பி. மாணவர்களிடம் இந்தக் குறை நெடுநாளாக உண்டு: வார்டைப் பார்க்கவும், டிஸ்சார்ஜ் தாள் எழுதவும், இரவு கண்விழிக்கவும் நாங்கள், அறுவையில் கை வைக்க மட்டும் அனுமதி இல்லை என்று. எல்லா இடத்திலும் அப்படி அல்ல. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை தனியார்தான், ஆனால் எலும்பு அறுவையும் கை அறுவையும் கற்க வெளிநாட்டு மருத்துவர்கள் அங்கே போய் நிற்கிறார்கள். வேறுபாடு எங்கே வருகிறது? கற்பிப்பதைத் தன் பெயரின் பகுதியாக நினைக்கும் மருத்துவமனைக்கும், பயிற்சி அனுமதியைச் சம்பளச் சிக்கனமாக நினைக்கும் மருத்துவமனைக்கும் இடையே. ஆகவே இங்கே அனுமதி கொடுக்கும்போதே வரம்பு கட்ட வேண்டும். தனியார் மருத்துவமனை தன் வார்டு வேலைக்குத் தன் சொந்த மெடிக்கல் ஆபிசர்களை வைத்துக்கொள்ளட்டும். பயிற்சியாளர் வருவது அறுவைக் கூடத்துக்கும் வெளிநோயாளர் அறைக்கும் மட்டுமே. ஒவ்வோர் அறுவையிலும் எந்தக் கட்டத்தை அவர் தம் கையால் செய்தார் என்று லாக்புக்கில் பதிந்து நிபுணர் கையெழுத்திட வேண்டும். ஆறு மாதத்தில் பார்த்தது மட்டும் நூறு, செய்தது பத்து என்று வந்தால் அந்த மருத்துவமனையின் அனுமதியை நிறுத்த வேண்டும்.

ஏற்கெனவே ஆள் போதாமல் தவிக்கும் அரசாங்க மருத்துவமனையிலிருந்து இவர்களையும் வெளியே அனுப்புவதா என்பது அடுத்த கேள்வி. மொத்தமாக ஆறு மாதம் அனுப்பினால் கிள்ளானின் இரவுப் பணி தடுமாறும்தான். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, காலை அறுவைப் பட்டியலுக்கு மட்டும் அனுப்பினால் போதும். தெங்கு அம்புவான் ரஹிமாவிலிருந்து கிள்ளானின் தனியார் மருத்துவமனைகளுக்கு காரில் போகும் தூரம் சொற்பம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கும் பந்தாய் மருத்துவமனைக்கும் இடையேயும் தூரம் அதிகமில்லை. பயிற்சியாளர் சுகாதார அமைச்சின் ஊழியராகவே இருந்துகொண்டு, ஆன்-கால் பணியைத் தம் மருத்துவமனையிலேயே செய்யலாம். மலாயாப் பல்கலைக்கழகம் 1998 முதல் தன் வளாகத்திலேயே கட்டணம் கட்டும் நோயாளிகளுக்கான நிபுணத்துவ மையம் ஒன்றை நடத்துகிறது. சிலாயாங், புத்ராஜெயா மருத்துவமனைகளில் 2007-இல் முழுக் கட்டண நோயாளித் திட்டம் தொடங்கியது. அங்கெல்லாம் அறுவை செய்கிற நிபுணர் ஏற்கெனவே ஆசிரியர்தான். முதல் அடியை அங்கே வைக்கலாம்; இரண்டாவது அடி பந்தாய், கேபிஜே, சன்வே, சுபாங் ஜெயா போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு. கேபிஜே நீலாயில் சொந்தமாகப் பல்கலைக்கழகமே நடத்துகிறது. கல்வி தங்கள் தொழில் இல்லை என்று தனியார்த் துறை இனிச் சொல்ல முடியாது.

பணத்துக்கு வருவோம். மாணவர் இருந்தால் அறுவை நீளும். அறுவைக் கூடத்தில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. நிபுணரின் கட்டணத்தை 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள அட்டவணை வரையறுத்திருக்கிறது. கற்பிப்பதற்கு அவருக்குத் தனியாக எதுவும் வராது. அதைப் பிரீமியத்தில் ஏற்ற இடமில்லை. மருத்துவக் காப்புறுதிப் பிரீமியம் எகிறியதால் 2024 டிசம்பரில் பேங்க் நெகாராவே தலையிட்டு, உயர்வைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பச் சொல்ல வேண்டியிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் இதே நேரத்தில் நல்ல வாய்ப்பு ஒன்று கதவைத் தட்டுகிறது. ஒவ்வொரு பஞ்சுக்கும் ஊசிக்கும் தனித்தனியாகப் பில் போடுவதை விட்டு, நோயின் வகைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகக் கட்டும் டி.ஆர்.ஜி. முறையைத் தனியாருக்குக் கொண்டுவர அரசு முனைந்திருக்கிறது. அமெரிக்காவின் அரசுக் காப்புறுதித் திட்டமான மெடிக்கேர் 1983-இல் இந்த முறைக்கு மாறியபோது, பயிற்சி மருத்துவமனைகளுக்கு ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கூடுதல் பங்கைச் சூத்திரத்திலேயே சேர்த்துவிட்டது. கற்பிக்கும் மருத்துவமனைக்குச் செலவு கூடும் என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. மலேசியாவின் சூத்திரம் இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. பயிற்சி தருகிற மருத்துவமனைக்குக் கூடுதல் பங்கு, தராத பெரிய மருத்துவமனையிடமிருந்து அதற்கு ஈடான பங்களிப்பு என்று இப்போதே எழுதிவிட்டால், அந்தச் சுமை ஒரு நோயாளியின் பில்லில் விழாமல் எல்லோருக்கும் பரவும். சூத்திரம் அரசிதழில் வந்துவிட்ட பிறகு ஒரு வரியைச் சேர்ப்பதற்குக்கூட எத்தனை ஆண்டு ஆகும் என்பதை இணைவழிப் பயிற்சியின் கதையே காட்டிவிட்டது.

இது நம் சமூகத்துக்கு இரட்டிப்பாகப் பொருந்துகிற விஷயம். மேசையின் இரு பக்கமும் நாம் இருக்கிறோம். வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை மருத்துவம் படிக்க வைத்த பெற்றோர் நம்மிடையே நிறைய. அந்தப் பிள்ளை ஒப்பந்தத்தில் அலைந்து, பயிற்சி இடத்துக்குக் காத்திருந்து, கடைசியில் சிங்கப்பூருக்கோ பிரிட்டனுக்கோ போய்விடுவதைப் பார்க்கிறவர்களும் அவர்கள்தான். கிள்ளான் பொது வார்டில் நாள் தள்ளிப்போய்ப் படுத்திருப்பவர்களிலும் நம் ஆட்கள் பலர். ஆகவே இந்திய சமூகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் மருத்துவர் சங்கங்களும் மருத்துவக் கல்லூரி இடங்களைப் பற்றிப் பேசும் அதே குரலில், பட்டத்துக்குப் பிறகான பயிற்சி இடங்களைப் பற்றியும் பேச வேண்டும். கிள்ளானில் ஒரு அரசாங்க மருத்துவமனை, இரண்டு தனியார் மருத்துவமனைகள், நான்கைந்து பயிற்சியாளர்கள், ஓராண்டு: இவ்வளவில் தொடங்கி, அறுவை நேரமும் சிக்கல்களும் லாக்புக் எண்களும் அரவிந்த் செய்ததுபோல் பொதுவில் வெளியிடப்பட வேண்டும் என்று சுகாதார அமைச்சிடம் கேட்கலாம். அதற்கு முன் ஒப்புதல் படிவத்தைத் திருத்த வேண்டும். இன்ன நிபுணர் அறுவைக்குப் பொறுப்பு, அவர் முழு நேரமும் கூடத்தில் இருப்பார். இன்ன பயிற்சி மருத்துவர் இன்ன கட்டங்களைச் செய்யக்கூடும். வேண்டாம் என்றால் சிகிச்சை நாளும் கட்டணமும் மாறாது. இந்த வரிகள் மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் இருக்க வேண்டும், அறுவைக்கு முந்தைய சந்திப்பிலேயே நோயாளியின் கைக்கு வர வேண்டும். மருத்துவர்களின் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்தால் நோயாளியைக் கூடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது தனியாருக்கும் தெங்கு அம்புவான் ரஹிமாவுக்கும் ஒரே விதியாக இருக்க வேண்டும்.